சின்னப் பையனுக்கு எத்தனை நாட்?

டிஸ்கி: நான் பைலட் இல்லை. தோல் ஊர்க்காரன். ஆகாயத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு ஜன்னல் சீட்டோட சரி. ஆனாலும் இந்த விஷயத்துல கருத்து சொல்லாம இருக்க முடியலை.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையை நோக்கி வந்துட்டிருந்த நாள். மும்பையில இருந்து வந்த இண்டிகோ விமானம் ஒண்ணு சென்னையில இறங்கப் பார்த்து, ஓடுதளத்துக்குக் கிட்டக்க வந்து, காத்துல இப்படியும் அப்படியும் ஆடி, சட்டுனு மூக்கைத் தூக்கிட்டு மேல போயிடுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த வீடியோ அன்னிக்கு ராத்திரியே எல்லார் கைபேசிலயும் வந்துடுச்சு. எனக்கு மட்டும் நாலு குரூப்புல வந்தது. கூடவே ரெண்டு விதமான கமெண்ட். ஒண்ணு, "தெய்வம்யா அந்த பைலட்". இன்னொண்ணு, "எவனோ கத்துக்குட்டி கையில கொடுத்துட்டாங்க போல".

ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை. சரியா வரலைன்னு தெரிஞ்சதும் விட்டுட்டு மேல போறது அவங்க வேலையிலயே ஒரு பகுதி. அதுக்கு 'கோ அரவுண்ட்'னு பேரு, அதுக்குத் தனியா பயிற்சியே உண்டு. அதைச் செய்யறவர் தெய்வமும் இல்லை, கத்துக்குட்டியும் இல்லை. ஆனா அந்த ரெண்டாவது கமெண்ட்டுக்குள்ள ஒரு நல்ல கேள்வி ஒளிஞ்சிருக்கு. நிஜமாவே கத்துக்குட்டி கையில எந்த அளவு காத்து வரைக்கும் கொடுக்கலாம்? அதை யார் முடிவு பண்றது? அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பாடம். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.

பாலாத்துல தண்ணி ஓடி (சிரிக்காதீங்க, 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடுச்சு) அதை நீந்திக் கடக்கறதா வச்சுக்கோங்க. நேர் எதிர்க்கரையில இருக்கற படிக்கட்டுக்குப் போகணும்னா, படிக்கட்டைப் பார்த்து நீந்தினா போய்ச் சேர மாட்டீங்க. ஓட்டம் இழுத்துட்டுப் போயிடும். உடம்பைக் கொஞ்சம் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா திருப்பி, கோணலா நீந்தினாதான் நேரா போவீங்க. பக்கவாட்டுக் காத்துல விமானம் இறங்கறதும் அதேதான். மூக்கைக் காத்து வர்ற பக்கம் திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்ந்துகிட்டே வரும். ஆனா அப்படியே கோணலா தரையில உக்காந்தா சக்கரம் தாங்காது, ஓடுதளத்தை விட்டு வெளிய இழுத்துட்டுப் போயிடும். அதனால தொடறதுக்குச் சில நொடி முன்னாடி, கால்ல இருக்கற பெடலை மிதிச்சு வால்ல உள்ள சுக்கானைத் திருப்பி மூக்கை நேராக்கணும். நேராக்கின உடனே காத்து ஒரு பக்க இறக்கையைத் தூக்கப் பார்க்கும், அதைக் கையால அமுக்கணும். அதே சமயத்துல இறங்கற வேகத்தையும் குறைக்கணும். கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, எல்லாம் அந்தச் சில நொடிக்குள்ள. காத்து சீரா வீசினா பரவாயில்லை. விட்டு விட்டு அடிச்சா, நீங்க போட்ட கணக்கு அந்த நொடியிலயே மாறிடும்.

இதைப் புத்தகம் படிச்சுக் கத்துக்க முடியாது. சைக்கிள் மாதிரி, உடம்புல ஏறணும்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே இறக்கிடுமே சார்"னு ஒருத்தர் சொன்னார். இதுதான் வேடிக்கை. நம்ம ஊர்ல அதிகம் பறக்கற ஏர்பஸ் ஏ320ல தானியங்கித் தரையிறக்கத்துக்குப் பக்கவாட்டுக் காத்து வரம்பு 20 நாட்தான். (1 நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) அதுக்கு மேல காத்து இருந்தா மனுஷன் கைதான். மூடுபனியில கம்ப்யூட்டர் கெட்டிக்காரன். காத்துல நாமதான்.

மனுஷன் கைக்கு எவ்வளவு? அங்கதான் ஒரு சொல் விளையாட்டு. விமானக் கையேட்டுல 'செஞ்சு காட்டப்பட்ட அதிகபட்சக் காத்து'னு ஒரு எண் இருக்கும். ஏ320க்கு 33 நாட், விட்டு அடிக்கற வீச்சோட 38னு போட்டிருக்கும். இது "இதுக்கு மேல போனா விமானம் தாங்காது"ங்கற எல்லை இல்லை. சோதனை ஓட்டம் நடந்த நாட்கள்ல கம்பெனியோட சோதனை பைலட் இறக்கிக் காட்டின அதிகபட்சக் காத்து, அவ்வளவுதான். அமெரிக்க விதிப்படி ஒரு பெரிய விமானம் சான்றிதழ் வாங்க 25 நாட் வரைக்கும் காட்டினாலே போதும். மேல உள்ளதெல்லாம் அன்னிக்குக் கிடைச்ச காத்தைப் பொறுத்தது. இன்னொண்ணு கவனிங்க. அதைச் செஞ்சு காட்டினது யாரு? சோதனை பைலட். வாழ்நாள் பூரா இதையே செய்யறவர். அவர் கைக்கு வந்த எண்ணை, லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆன பையனுக்கும் அப்படியே பொருத்த முடியுமா?

அதனாலதான் கம்பெனிகள் தங்களுக்குன்னு குறைவான வரம்பு வைக்கறாங்க. கேப்டனுக்கு ஒண்ணு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அதைவிடக் குறைவா ஒண்ணு. நான் முழு மனசோட ஆதரிக்கறேன். ஆனா எதுக்காக ஆதரிக்கறேன்ங்கறதுல எனக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு. அதுக்கு வர்றேன்.

அமெரிக்காவுல இதைச் சட்டமாவே எழுதி வச்சிருக்காங்க. குறிப்பிட்ட ரக விமானத்துல 100 மணி நேரம்கூட ஓட்டாத துணை விமானி இருந்தா, பக்கத்துல இருக்கறவர் பரிசோதகர் தகுதி உள்ள கேப்டனா இல்லாத பட்சத்துல, சில சூழ்நிலைகள்ல ஏத்தறதும் இறக்கறதும் கேப்டன்தான் செய்யணும். பக்கவாட்டுக் காத்து 15 நாட்டுக்கு மேல இருந்தா, ஓடுதளத்துல தண்ணியோ பனியோ கிடந்தா, பார்வை தூரம் குறைவா இருந்தா, இப்படி ஒரு பட்டியல். 15 நாட். நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த விதி சும்மா வரலை. 1987 நவம்பர் 15, டென்வர். பனி கொட்டிட்டிருந்த நாள், கான்டினென்டல் கம்பெனியோட டிசி-9 விமானம். ஏத்தினது துணை விமானி. அந்த ரக ஜெட்டுல அவருக்கு இருந்த அனுபவம் 36 மணி நேரம். கேப்டனும் அந்த ரகத்துக்குப் புதுசுதான். 28 பேர் செத்தாங்க. இறக்கையில படிஞ்ச பனி ஒரு காரணம், மூக்கை வேகமா தூக்கினது இன்னொரு காரணம். ரெண்டு புதுசுகளை ஒரே அறையில உக்கார வைக்கக்கூடாதுங்கற புத்தி அதுக்கு அப்புறம்தான் விதியா மாறினது. எல்லா நாட்டுலயும் விமானச் சட்டம்னா இப்படித்தான், ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு சாவு வீடு.

ஆனா என்னை ரொம்ப யோசிக்க வச்சது டென்வர் இல்லை. ஹாம்பர்க்.

2008 மார்ச் 1. எம்மான்னு ஒரு புயல். லுஃப்தான்சா ஏ320, 137 பேர் உள்ள. 23ஆம் ஓடுதளத்துல இறங்க வருது. காத்து ஓடுதளத்துக்குக் கிட்டத்தட்ட குறுக்க, வீச்சு 47 நாட் வரைக்கும். ஓட்டினது 24 வயசு ஃபர்ஸ்ட் ஆபீசர், ஒரு பெண். மூக்கை நேராக்கினாங்க, ஒரு பக்கச் சக்கரம் தொட்டது, காத்து எதிர்ப்பக்க இறக்கையைத் தூக்கிச்சு, இடது இறக்கை நுனி தரையில உரசிச்சு. கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கி, மேல ஏத்தி, சுத்தி வந்து, இந்தத் தடவை காத்துக்கு எதிரா இருக்கற 33ஆம் ஓடுதளத்துல சாதாரணமா இறங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் கீறல் இல்லை. அந்த வீடியோ உலகம் பூரா சுத்திச்சு, நீங்களும் பார்த்திருப்பீங்க.

முதல்ல பத்திரிகைகள் கேப்டனை வீரர்னு தூக்கி வச்சு ஆடிச்சு. அப்புறம்தான் ஓட்டினது அந்தப் பொண்ணுன்னு தெரிஞ்சது. உடனே காத்து திசை மாறிடுச்சு (விமானக் காத்து இல்லை, இது நம்ம வாய்க்காத்து). 24 வயசாம், பொம்பளையாம், இவ்வளவு காத்துல எப்படிக் கொடுத்தாங்கன்னு.

2010ல ஜெர்மனியோட விபத்து விசாரணை அமைப்போட அறிக்கை வந்தது. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒரு சக்கரம் தரையைத் தொட்டதுமே விமானத்தோட கணினி "தரைக்கு வந்துட்டோம்"னு நினைச்சு, இறக்கையைச் சமன் பண்ற கட்டுப்பாட்டோட வீச்சைக் குறைச்சிடுச்சு. இது விமானிகளோட கையேட்டுல எழுதியே இல்லை. அதாவது அந்தப் பொண்ணு கையை முழுசா வளைச்சும் விமானம் பாதிதான் கேட்டது. ரெண்டாவது, 'செஞ்சு காட்டப்பட்ட அதிகபட்சக் காத்து'னா என்ன அர்த்தம்னு விமானிகள்கிட்ட விசாரிச்சா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சிலருக்கு அது எல்லை, சிலருக்கு அது ஒரு தகவல்.

இதுல தப்பு அந்தப் பொண்ணு கையில இருந்ததா? என் கருத்துப்படி, தெளிவா ஒரு எண் இல்லாததுலதான் இருந்தது. "ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு இவ்வளவு, வீச்சையும் சேர்த்து இவ்வளவு, அதுக்கு மேலனா கேப்டன், அதுக்கும் மேலனா வேற ஓடுதளம்"னு கறாரா எழுதி இருந்தா, அந்த அறைக்குள்ள யாரும் யோசிக்கவே வேண்டாம். கூட்டலும் கழித்தலும்தான். கடைசியில அவங்களைக் காப்பாத்தினது திறமை கூடின கை மட்டும் இல்லை பாருங்க, திசை சரியா இருந்த இன்னொரு ஓடுதளம்.

(சென்னையில இந்த வசதி எப்பவும் உதவாது. 07/25னு ஒரு ஓடுதளம், 12/30னு ஒரு ஓடுதளம். அந்த எண்ணோட ஒரு சைபர் சேர்த்தா திசை. வடக்குல இருந்து நேரா 30 நாட் காத்து அடிக்குதுன்னு வைங்க. 07ல இறங்கினா பக்கவாட்டுப் பங்கு 28 நாட். 30ல இறங்கினா 26. ரெண்டுமே இடிதான். பள்ளிக்கூடத்துல சைன், காஸ் எதுக்குன்னு கேட்ட நண்பர்கள் இதைப் படிக்கவும்.)

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அது பலமான வாதம், ஒதுக்க முடியாது. "காத்தே கொடுக்காட்டி, அவன் எப்பக் கத்துக்குவான்?"

இதுக்கு எங்க ஊர்லயே பதில் இருக்கு. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல புதுசா சேர்ற பையனுக்கு முதல் நாளே அப்பர் தோலைக் கொடுக்க மாட்டாங்க. லைனிங்தான். ஷூக்கு உள்ளாற போறது, வெளிய தெரியாது. அதுல டையை எப்படி வைக்கறது, பூச்சிக்கடி, முள் கீறின தழும்பு இதையெல்லாம் எப்படி ஒதுக்கறது, தோல் எந்தப் பக்கம் இழுக்கும் எந்தப் பக்கம் இழுக்காதுன்னு கை பழகணும். அப்புறம் அப்பர்ல வெளிய அதிகம் தெரியாத பாகம். கடைசியிலதான் மூக்குப் பாகம். தோல் ஷாப்புல ஷேவிங் மெஷினும் அப்படித்தான். கழிச்சுப்போட்ட துண்டுல கை பழகினவனைத்தான் நல்ல தோல்கிட்ட விடுவாங்க. ஒரு மில்லிமீட்டர் கணக்குல சீவற மெஷின், கொஞ்சம் அசந்தா தோல்ல ஓட்டை. "தம்பி, இன்னும் நாள் இருக்கு, அவசரப்படாதே"ன்னு மெஷின் பாய் சொல்வார். பையனுக்கும் அது அவமானமா தெரியாது, ஏன்னா அந்த பாயும் அப்படி வந்தவர்தான்.

கவனிங்க, அங்க தடை இல்லை, படிக்கட்டு இருக்கு. லைனிங் மட்டுமே அஞ்சு வருஷம் கொடுத்துட்டு, ஒரு நாள் காலையில "இன்னில இருந்து நீ மேஸ்திரி, எல்லாத் தோலும் உன் பொறுப்பு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? குறைந்த வரம்பு வைக்கற இடத்துல எனக்கு இருக்கற பயமே இதுதான். ஃபர்ஸ்ட் ஆபீசரா இருக்கற வரைக்கும் 15 நாட், கொஞ்சம் முன்ன பின்ன. காத்து அதிகமானா கேப்டன் வாங்கிக்கறார். வருஷக்கணக்கா பலமான காத்துல பக்கத்துல உக்காந்து வேடிக்கை. அப்புறம் தோள்பட்டையில நாலாவது பட்டை ஏறும், அன்னிக்கே வரம்பும் ரெண்டு மடங்கா ஏறும். அந்த ராத்திரி கைக்கு ஏதாவது புதுசா தெரிஞ்சிடுமா?

அதனால புதுக் கேப்டனுக்கும் வரம்பு குறைவாத்தான் இருக்கணும். இதுவும் நான் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவுல ஒரு ரக விமானத்துல கேப்டனா 100 மணி நேரம் ஆகாதவருக்கு, இறங்கறதுக்கு வேண்டிய மேக உயரத்தையும் பார்வை தூரத்தையும் கூட்டி வச்சிருக்காங்க. பழைய கேப்டன் 200 அடி வரைக்கும் வரலாம்னா, புதுசு 300 அடியிலயே முடிவு பண்ணணும். மூடுபனிக்கு இருக்கற இந்தப் பெருந்தன்மை காத்துக்கும் வேணும். 15ல தொடங்கி, கூட உக்காந்து பார்த்த பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டதும் 20, அப்புறம் 25. எத்தனை மணி பறந்தார்னு மட்டும் பார்க்காம, எத்தனை தடவை எவ்வளவு காத்துல இறக்கினார்னு எழுதி வைக்கணும்.

ஏன் மணிக்கணக்கு போதாதுன்னா, மறுபடி டென்வருக்கே போகணும். 2008 டிசம்பர் 20. மறுபடியும் கான்டினென்டல், இந்தத் தடவை போயிங் 737. ஏறும்போது பக்கவாட்டுல பலத்த காத்து, வீச்சு 45 நாட் அளவுக்கு. விமானம் ஓடுதளத்தை விட்டு விலகி, பள்ளத்துல இறங்கி, தீப்பிடிச்சது. சாவு இல்லை, பல பேருக்கு அடி. ஓட்டினது சின்னப் பையன் இல்லை, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன். காத்து ஓங்கி அடிச்ச நேரத்துல அவர் சுக்கான் பெடலை மிதிக்கறதை நிறுத்திட்டார்னு விசாரணையில சொன்னாங்க. அதோட நிறுத்தலை. பயிற்சி சிமுலேட்டர்ல விட்டு விட்டு அடிக்கற காத்தைச் சரியா உருவாக்கலை, அதனால இந்தத் துறையில காத்துப் பயிற்சியே போதாதுன்னும் எழுதினாங்க. ஆயிரம் மணி நேரம் அமைதியான காத்துல பறந்தா, அமைதியான காத்துல ஆயிரம் மணி நேர அனுபவம். அவ்வளவுதான்.

இனி நம்ம வீட்டுக் கதை.

2022 ஜூன்ல விஸ்தாரா கம்பெனிக்கு டிஜிசிஏ 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுச்சு. காரணம்? இந்தூர்ல ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர், பயணிகளோட விமானத்தை இறக்கினார். அதுக்கு முன்னாடி சிமுலேட்டர்ல எடுக்க வேண்டிய பயிற்சியை எடுக்கலை. அவருக்கு இறக்கக் கொடுத்த கேப்டனும், அப்படிக் கொடுக்கறதுக்குன்னு எடுக்க வேண்டிய பயிற்சியை எடுக்கலை. ஆமாங்க, கொடுக்கறதுக்கும் பயிற்சி உண்டு. சீடன் தப்பு பண்ணும்போது எந்த நொடியில கையை நீட்டணும்ங்கறது தனி வித்தை. விமானம் பத்திரமா இறங்கிடுச்சு, ஒண்ணும் ஆகலை. 'ஒண்ணும் ஆகலையே, எதுக்கு அபராதம்'னு அப்போ சிலர் கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதப்பவே போட்டதுதான் அந்த அபராதத்துல எனக்குப் பிடிச்சதே.

நம்ம நாட்டுல 200 மணி நேரம் பறந்தா வணிக விமானி உரிமம் கிடைக்கும். வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்துல மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்போட குட்டி விமானங்கள் சுத்தின காலம் ஒண்ணு இருந்தது. ஏறுவாங்க, சுத்துவாங்க, இறங்குவாங்க, மறுபடி ஏறுவாங்க. அந்த 200 மணி நேரத்துல பெரும்பங்கு இப்படிப்பட்ட குட்டி விமானத்துலதான். அதுல இருந்து 180 பேர் உக்கார்ற ஜெட்டோட வலது சீட்டுக்கு வர்ற பையனுக்கு 20, 22 வயசு. பக்கத்துல உக்கார்றவருக்கு 50 வயசு, பத்தாயிரம் மணி நேரம். பையன் அவரை "சார்"ங்கறான். நம்ம ஊர் "சார்" இருக்கே, அது வெறும் மரியாதை இல்லை, வாய்ப்பூட்டு.

இங்கதான் நான் முன்னாடி சொன்ன காரணம். பக்கவாட்டுக் காத்து வரம்பை நான் ஆதரிக்கறது பையனோட கை பலவீனம்ங்கறதுக்காக மட்டும் இல்லை. அந்த எண் அவனுக்கு ஒரு வாய் கொடுக்குது. "சார், எனக்குப் பயமா இருக்கு"ன்னு எந்த 22 வயசுப் பையனும் சொல்ல மாட்டான். "சார், காத்து 18, என் லிமிட் 15, நீங்க எடுத்துக்கோங்க"ன்னு சொல்லலாம். அதுல வெக்கம் இல்லை. அதே மாதிரி, "சார், உங்க லிமிட்டையும் தாண்டிடுச்சு, மேல போகலாம்"னும் சொல்லலாம். பேசறது பையன் இல்லை, எண்.

எண்ணும் இல்லாம, வாயும் எடுபடாம போனா என்ன ஆகும்னு நமக்கு ரெண்டு தடவை தெரிஞ்சாச்சு. ரெண்டுமே பக்கவாட்டுக் காத்து விபத்து இல்லை, அதைத் தெளிவா சொல்லிடறேன். ஆனா அந்த அறைக்குள்ள நடந்தது இதேதான். 2010 மே 22, மங்களூர். துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ரொம்ப உயரத்துல, வேகமா வருதுன்னு ஃபர்ஸ்ட் ஆபீசர் திரும்பத் திரும்ப "கோ அரவுண்ட்" சொல்லியும் கேப்டன் கேக்கலை. 158 பேர் செத்தாங்க, 8 பேர் பிழைச்சாங்க. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, ராத்திரி, பின்பக்கமிருந்து தள்ற காத்து. ஓடுதளத்துல பாதி தூரம் தாண்டித்தான் சக்கரமே தொட்டது. துணை விமானி "கோ அரவுண்ட்" சொன்னார். கேப்டன் கேக்கலை, துணை விமானி கட்டுப்பாட்டைப் பிடுங்கவும் இல்லை. 21 பேர் போனாங்க, ரெண்டு விமானிகளும் அதுல அடக்கம். பிடுங்கி இருக்கணும்னு விசாரணை அறிக்கை சொல்லுது. சரிதான். ஆனா படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைச்சது. நீங்க உங்க ஆபீஸ்ல, உங்களைவிட இருபது வருஷம் மூத்தவர் கையில இருக்கற எதையாவது பிடுங்கி இருக்கீங்களா?

அந்தக் கோழிக்கோடு அறிக்கையிலயே இன்னொண்ணும் இருக்கு. மறுநாள் காலையில அங்கிருந்து கிளம்பற விமானத்தை ஓட்ட வேண்டியதும் அதே கேப்டன்தான், அதனால எப்படியாவது அங்கயே இறங்கிடணும்ங்கற நினைப்பு அவரை இழுத்திருக்குன்னு. ஆள் பற்றாக்குறை. கம்பெனி நேரடியா "இறங்கு"ன்னு சொல்லியிருக்காது. சொல்லவே வேண்டாம், ட்யூட்டி சீட்டே சொல்லிடும்.

இதுல நம்ம பங்கும் இருக்கு மக்களே. எங்க பெல்ட்டுல ஆர்டர் தாமதமானா கப்பலை விட்டுட்டு விமானத்துல அனுப்பணும், அந்தச் செலவுல லாபம் பூரா கரைஞ்சிடும். அதனால விமானம்னாலே எங்காளுங்களுக்குப் பதட்டம்தான். சென்னைக்கு வர வேண்டிய விமானம் காத்துனால பெங்களூருக்குத் திரும்பிடுச்சுன்னா, கவுன்டர்ல நிக்கற பொண்ணுகிட்ட முதல்ல கத்தறது நாமதான். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் பெங்களூர்ல இருந்தும் வரலாம், சென்னையில இருந்தும் வரலாம், நாமதான் நடுவுல இருக்கோமே! இருந்தாலும் கத்துவோம். அந்தக் கத்தல் கம்பெனி ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து ஏதோ ஒரு ரூபத்துல அந்த அறைக்குள்ள போகும். "பையனுக்கு 15னு எழுதிட்டாங்க, கேப்டன் புதுசு, அவருக்கு 20, காத்து 24, அதனால திரும்பிட்டாங்க"ன்னு ஒரு விமானம் திரும்பினா, அன்னிக்கு ஒரு விதி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். திரும்பினதுக்காக எந்த விமானியும் மறுநாள் விளக்கக் கடிதம் எழுதக்கூடாது. எரிபொருள் கணக்கு கேக்கக்கூடாது. அந்த ஒரு கேள்வி வந்தாலே போதும், 15ங்கறது 17 ஆகும், 17 "கிட்டத்தட்ட 20தானே" ஆகும்.

வரம்பு வச்சா விமானிகள் கோழையாயிடுவாங்கன்னு என் நண்பர் ஒருத்தர் வாதாடினார். அவர்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். லைனிங் வெட்டிப் பழகின பையன் கோழையா? ஒண்ணும் பேசலை மனுஷன், டீ சொல்லிட்டார். :-)

விமானத்துறையில இருக்கற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க கம்பெனியில ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு எத்தனை நாட், புதுக் கேப்டனுக்கு எத்தனை நாட், வீச்சைச் சேர்த்தா சேர்க்காமலா, அது எத்தனை படியில ஏறுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போட வேண்டாம், அனானியா வந்தா போதும். கம்பெனி பேரும் வேண்டாம். எண் மட்டும் போதும்.